பூனை இருக்கும் வீட்டுக்குப் பூ

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நடந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய இடத்தில் நான் கேட்கவில்லை. அதனால் எழுத வேண்டியதாகிவிட்டது.

அலுவலக நண்பர் ஒருவர் வண்டலூரில் புதுவீடு கட்டிக் குடிபோனார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு பூங்கொத்துக் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டியில் வெள்ளை லில்லி இருந்தது. அதைக் கேட்டேன். கடையிலிருந்த பெண் எடுக்கவில்லை.

"யார் வூட்டுக்கு சார்?"

"ஃப்ரெண்டு வீட்டுக்கு."

"அவங்க வூட்ல பூனை கீதா?"

தெரியாது என்றேன். "போன் பண்ணிக் கேட்டுடுங்க சார்," என்று சொல்லிக் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவள் விளையாடவில்லை என்பது அதிலேயே தெரிந்தது. பூங்கொத்து வாங்குவதற்காக ஒருவரைக் கூப்பிட்டு உங்கள் வீட்டில் பூனை உண்டா என்று விசாரித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "பூனையெல்லாம் இல்லப்பா, மாமியார் இருக்காங்க," என்றார் நண்பர். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. பூவை எடுத்துக் கட்டினாள். கட்டி முடித்துக் கையில் கொடுக்கும்போது, "பக்கத்து வூட்டுப் பூனை எதுனா உள்ள வராம பாத்துக்கச் சொல்லுங்க," என்றாள்.

ஏன் என்று அப்போதே கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவந்துவிட்டேன். நான்கு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்:

மழை விட்டிருந்த அந்த மாலையில் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில், தண்டவாளங்களைப் பார்த்தபடி அவள்

அதோடு நிறுத்திவிட்டேன். எந்தப் பூக்கடைக்காரிக்கு மாலை நேரத்தில் மேம்பாலத்தில் நின்று தண்டவாளம் பார்க்க முடியும்? வியாபாரமே அப்போதுதான்.

இரண்டாவது:

லில்லியின் இதழ், இலை, தண்டு, மகரந்தத்தூள், அது நின்ற ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். மனிதர்களுக்கோ

இதைச் சொல்வதற்குக் கதையில் ஒரு கால்நடை மருத்துவர் வரப்போகிறார். அவர் வாயிலிருந்து நான் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது தொடக்கத்தில் கடைப் பெண்ணுக்கு ஜாஸ்மின் என்று பெயர் வைத்தேன். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தெருவுக்கு ஒரு ஜாஸ்மின் உண்டு. பிறகுதான் பூனைக்கு எந்தெந்தப் பூ ஆகும், எது ஆகாது என்று படிக்க ஆரம்பித்தேன். மல்லிகை ஆகும் என்று இருந்தது. எனக்குச் சங்கடமாகிவிட்டது. குறியீடு வைத்திருக்கிறான் என்று யாராவது கண்டுபிடிப்பார்கள். பெயரை மாற்றிப் பார்த்தேன். ப்ரியா என்று கூப்பிட்டால் அவள் திரும்பவே மாட்டேன் என்றாள். அந்தப் பெயரை மருத்துவருக்குக் கொடுத்துவிட்டேன். ஜாஸ்மின் ஜாஸ்மினாகவே இருக்கட்டும்.

3

ஜாஸ்மினுக்கு முப்பத்தைந்து வயது. முடிச்சூரில் வாடகை வீடு. கணவன் ஜாய்சன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். லாசரஸ் அண்ணனின் கடையில் அவள் பதினோரு வருடமாக இருக்கிறாள். வந்த புதிதில் வாளிக்குத் தண்ணீர் மாற்றுவதும் ரோஜாத் தண்டில் முள் சீவுவதும்தான் வேலை. இப்போது லாசரஸ் ஒரு மூலையில் உட்கார்ந்து போன் பார்ப்பார், கடையை அவள் நடத்துவாள். உள்ளே வருகிற ஆளின் முகத்தை வைத்தே பிறந்தநாளா, சண்டை சமாதானமா, ஆஸ்பத்திரியா என்று சொல்லிவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்த பெரியவரைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி என்று நினைத்தாள். பாதிதான் சரி. அவர் பெயர் ஸ்ரீநிவாசராகவன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சேலையூரில் வீடு. மனைவி சாவித்ரிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை ஆகி, ஒன்பது நாளைக்குப் பிறகு அன்று மாலை வீடு திரும்புகிறாள்.

"இத்தன வருஷத்துல அவளுக்கு மல்லிப்பூ தவிர ஒண்ணும் வாங்கிண்டு போனதில்லம்மா," என்றார். "இந்த மாதிரிப் பூவெல்லாம் எப்படிக் கேக்கணும்னுகூட எனக்குத் தெரியல. நீயே ஒண்ணு சொல்லு."

ஜாஸ்மின் யோசிக்கவே இல்லை. முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து ஓரியண்டல் லில்லி வந்திருந்தது. கையகலப் பூ. வெள்ளை இதழில் மெல்லிய வரி. தாம்பரத்தில் அதைக் கேட்டு வாங்குகிற ஆள் குறைவு, அதனால் யாருக்காவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்கே ஆசையாக இருந்தது.

"வூடு முழுக்க வாசனையா இருக்கும் சார். இந்த மொட்டெல்லாம் நாளைக்கு விரிஞ்சுடும். ஒரு வாரம் அப்படியே நிக்கும்."

அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ஆத்துல ஒரு பூனை இருக்கு. எதையாவது கடிச்சுண்டே இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"பூ சார் அது," என்றாள் ஜாஸ்மின். "பூ இன்னா சார் பண்ணும்?"

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஐந்து தண்டு லில்லியை வெள்ளைத்தாளில் சுற்றி, இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்தாள். அவர் அதைக் கைக்குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினார்.

4

இந்த இடத்தில் நான் பல வாரம் நின்றுவிட்டேன். ஜாஸ்மின் அப்படிச் சொல்லியிருப்பாளா?

அவர் கேட்காமலே பூவை வாங்கிக்கொண்டு போவதாக ஒருமுறை எழுதினேன். அதில் ஜாஸ்மின் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் கதை இல்லை. அவள் "தெரியாது சார், நெட்ல பாத்துக்கங்க" என்று சொல்வதாக இன்னொருமுறை எழுதினேன். அது அவள் பேச்சே இல்லை, தினசரிப் பத்திரிகை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் போடுவார்களே, அந்தப் பேச்சு.

கடைசியில் எனக்குப் புரிந்தது இதுதான். பதினோரு வருடத்தில் பூ அவளுக்குச் செய்த கெடுதல் விரலில் முள் குத்தியதும், நின்று நின்று இடுப்பு வலித்ததும் மட்டும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவள் கட்டிக் கொடுத்த பூவை வாங்கிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை. அவள் பொய் சொல்லவில்லை. தனக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிய ஒன்றைச் சொன்னாள். [நானும் இப்படி எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும்.]

5

மறுநாள் வெள்ளிக்கிழமை. பகல் ஒரு மணி இருக்கும். ஸ்ரீநிவாசராகவன் மறுபடி கடைக்கு வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தது. கையில் ஒரு பால் கவர். அதற்குள் ஓரம் கடிபட்ட இரண்டு வெள்ளை இதழ்.

"இந்தப் பூவுக்கு என்னம்மா பேரு? சரியா என்ன பேரு?"

"லில்லி சார். ஏன் சார்?"

"பூனை வாந்தி எடுத்துண்டே இருக்கு. காலம்பர ஆறு மணிக்கு இதக் கடிச்சுண்டிருந்ததப் பாத்தேன். வெரட்டினேன். பத்து மணிக்கு ஆரம்பிச்சுது. டாக்டர்ட்ட விட்டுட்டு வந்திருக்கேன். லில்லின்னு பல செடி இருக்காம், இதழ மட்டும் பாத்துச் சொல்ல முடியாதாம், இது எதுன்னு கேட்டுண்டு வரச் சொன்னா."

[போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். பதற்றத்தில் போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். இது என் வசதிக்காக நான் செய்தது, ஒத்துக்கொள்கிறேன்.]

ஜாஸ்மின் காத்துக்கொண்டு நின்றாள். நீதானே சொன்னாய் என்று அவர் இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று. அவர் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டுவிட்டு, அவள் சொல்லப்போவதை மறந்துவிடக் கூடாதே என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவளால் தாங்க முடியவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஒரு தண்டு லில்லியை எடுத்துத் தாளில் சுற்றினாள்.

"வாங்க சார், நானே வந்து சொல்றேன்."

மூலையிலிருந்து லாசரஸ் தலை நிமிர்ந்தார். "இன்னாம்மா நீ? நாம குடுத்தது பூவு. அத்த பூனை துன்னா நாம இன்னா பண்றது? நீ போனா நாமதான் ஏதோ பண்ணிட்டோம்னு ஆயிடும்."

"ஆவட்டும்ணா."

லாசரஸ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். "சரி, போ. கடைப் பேர மட்டும் சொல்லாத."

ஆட்டோவில் கிழக்குத் தாம்பரம் பக்கம் போக வேண்டும். சுரங்கப்பாதையில் வண்டிகள் நின்றுவிட்டன. ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் பேசிக்கொண்டே வந்தார். பூனையின் பெயர் தத்தியோன்னம். தயிர்சாதம் மாதிரி வெள்ளையாக இருக்கிறதென்று சாவித்ரி வைத்த பெயர். கூப்பிட வராமல் தத்தி என்று சுருங்கிவிட்டது.

"பேருக்கேத்த மாதிரி அசடு அது. தன் வாலப் பாத்தே பயப்படும். இவ ஆஸ்பத்திரில இருந்த ஒம்பது நாளும் இவ தலகாணில போய்ப் படுத்துண்டுடும், எழுந்துக்கவே எழுந்துக்காது. நேத்திக்கு இவ வந்ததும் கட்டில்ல ஏறி, ஆபரேஷன் பண்ணின கால மிதிக்காம, ஓரமா சுத்தி வந்து படுத்துது. யார் சொல்லிக் குடுத்தா அதுக்கு?"

மடியிலிருந்த லில்லியின் வாசனை ஆட்டோ முழுக்க அடித்தது. நேற்றுவரை அவளுக்குப் பிடித்த வாசனை. தாளை இறுக்கி மடித்து, பூவின் வாயை மூடினாள்.

6

கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது மருத்துவமனை. டாக்டர் ப்ரியா பூவை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"இது நிஜ லில்லிதான். லில்லின்னு பேர் வெச்சிருக்கற சில செடின்னா வாய் எரிஞ்சு எச்சில் வடிக்கறதோட போயிடும். இது நேரா கிட்னிய அடிக்கும். பூவக் கடிக்கணும்னுகூட இல்ல. இந்த மஞ்சத்தூள் முடில ஒட்டி, அத நக்கிச்சுன்னாலே போதும்."

"பொழச்சுடுமா டாக்டர்?" என்று கேட்டது ஜாஸ்மின்தான்.

"சீக்கிரம் கூட்டிட்டு வந்துட்டார், அது நல்ல விஷயம். மூணு நாள் டிரிப்ஸ்ல வெச்சுப் பாக்கணும். யூரின் நிக்காம போகணும். அதுக்கு மேல இப்ப என்னால ப்ராமிஸ் பண்ண முடியாது."

கூண்டுக்குள் தத்தி படுத்திருந்தது. முன்னங்காலில் முடியை மழித்து ஊசி குத்திப் பச்சைத்துணி சுற்றியிருந்தார்கள். நினைத்ததைவிடச் சிறிய பூனை. ஸ்ரீநிவாசராகவன் கம்பிக்குள் ஒரு விரலை விட்டு, "தத்தி, இங்க பாரு, அம்மா ஆத்துல காத்துண்டிருக்கா," என்றார். அது கண்ணைத் திறந்து மூடியது.

ஜாஸ்மின் திரும்பி நின்றுகொண்டாள்.

இந்தப் பக்கத்தை எழுதிய அன்று ஒரு நண்பரிடம் படித்துக் காட்டினேன். பூனை செத்தால்தான் கதைக்கு எடை வரும் என்றார். எடை வேண்டுமென்றால் அரிசி மூட்டை தூக்கலாம். ஆனாலும் அவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு தாளில் பூனையைக் கொன்றும் பார்த்தேன். "சனிக்கிழமை காலை டாக்டர் ப்ரியா போன் செய்தபோது ஸ்ரீநிவாசராகவன் துளசிக்குத் தண்ணீர்" என்பது வரைக்கும் வந்து பேனா நின்றுவிட்டது. அந்தத் தாளைக் கிழிக்கவில்லை, வேறு தாள் எடுத்துக்கொண்டேன். ஆகவே நீங்களும் இப்போதைக்கு என்னைப் போலவே, தெரியாமல் காத்திருங்கள்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போவதற்கு முன் ஜாஸ்மின் மறுபடி மருத்துவமனை மாடி ஏறினாள். தத்தி அப்படியேதான் இருந்தது, மோசமாகவில்லை. டாக்டரிடம் அவள் ஒரு கோடு போட்ட நோட்டை நீட்டினாள். கடையில் இருக்கும் பூ, சாமிக்குக் கட்டும் பூ, வீட்டில் வைக்கும் செடி என்று தனக்குத் தெரிந்த பேரையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒண்ணொண்ணா சொல்லுங்க டாக்டர். எது ஆவும், எது ஆவாது."

டாக்டர் ப்ரியா வெளியே காத்திருந்த நாய்க்காரரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"ரோஜா?"

"ஆகும். முள்ள எடுத்துடுங்க."

"ஜெர்பெரா?"

"ஆகும்."

"சாமந்தி?"

"வேண்டாம். வாந்தி எடுக்கும்."

"செம்பருத்தி? மல்லி?"

"ரெண்டும் பிரச்சினையில்ல."

"அரளி?"

"ஐயோ. பூனை, நாய், மனுஷங்க யாருக்குமே ஆகாது. இதயத்தப் புடிச்சுடும்."

ஜாஸ்மின் எழுதினாள். மணி பிளாண்டுக்கும் கற்றாழைக்கும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டாள். லில்லிக்கு எதிரே ஏற்கெனவே தானே போட்டிருந்த குறியின் மேல் இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள். தாள் கிழிந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஜாய்சனைக் கடை பக்கம் வண்டியை நிறுத்தச் சொல்லி, முள் சீவிய ரோஜாவும் ஜெர்பெராவுமாக ஒரு கட்டு எடுத்துக்கொண்டு சேலையூர் போனாள். வாசலில் இறங்கி, "நீ போ, நான் பஸ்ல வந்துக்கறேன்," என்றாள். சாவித்ரியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் தீர்மானம் செய்துகொண்டு வந்தவளுக்கு, சொல்லும்போது புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

உள்ளே வேறு ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. சத்தமில்லாத சண்டை. சாவித்ரி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நடப்பதற்கான வாக்கர். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கணவனோடு பேசவில்லை. ஜாஸ்மின் வந்தது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

"நீதான் டாக்டர்ட்ட பூவ எடுத்துண்டு ஓடின பொண்ணா? உக்காரு. அவர்கிட்ட உனக்குத் தண்ணி கொண்டுவரச் சொல்லு."

அவர் இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். ஜாஸ்மின் அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

சாவித்ரி ஜாஸ்மின் கையிலிருந்த பூவைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "இதெல்லாம் அதுக்கு ஆகுமா?"

ஜாஸ்மின் நோட்டைத் திறந்து காட்டினாள். சாவித்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுப் பக்கத்தையும் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் மாறியது.

"அரளியா? மணி பிளாண்டா? அதெல்லாம் ஆத்துலயே இருக்கேடி!"

அடுத்த அரைமணி நேரம் ஜாஸ்மின் அந்த வீட்டைச் சோதனை போட்டாள். ஸ்ரீநிவாசராகவன் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். சாவித்ரி கட்டிலில் இருந்தபடியே நோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஜன்னலில் பாட்டிலில் நின்ற மணி பிளாண்ட் பைக்குள் போயிற்று. பால்கனியில் கற்றாழைத் தொட்டி. டிவி மேல் சாமந்தி. பூஜை அலமாரியில் திருநீர்மலைப் பெருமாள் படத்துக்கு அரளியும் துளசியும் கலந்து கட்டிய சரம் சாத்தியிருந்தது. ஜாஸ்மின் கைநீட்டித் தயங்கினாள்.

"பெருமாள் மேல இருக்கறதயுமா?" என்றார் அவர்.

"பெருமாளுக்கு ஒண்ணும் ஆவாது சார். தத்தி இழுத்துக் கீழ போட்டா அதுக்கு ஆவும்."

அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று நாளில் சாவித்ரி சிரித்தது அதுதான் முதல் தடவை. ஸ்ரீநிவாசராகவன் தாமே சரத்தை எடுத்து, துளசியை உருவி மறுபடி சாத்திவிட்டு, அரளியைப் பையில் போட்டார். அப்போதும் பூனை வீட்டில் இல்லை. திரும்பி வருமா என்றும் தெரியாது. வராத பூனைக்காக வீட்டைத் துடைத்து வைத்தார்கள்.

ரோஜாவை ஜாடியில் வைத்துக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தபோது சாவித்ரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அன்னிக்கே சொல்லியிருக்கே. இவர்தான் கேக்கல."

"இன்னாம்மா?"

"எல்லாம் சொன்னார். நீ ரோஜா குடுக்கறேன்னியாம். இவர் அந்த வெள்ளப்பூதான் வேணும்னு பிடிவாதமா வாங்கிண்டு வந்தாராம். பூனை இருக்குன்னு உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாம். ஆசையா வாங்கிண்டு வந்தவர எப்படித் திட்டறது? அதான் பேசாம இருக்கேன்."

ஜாஸ்மின் திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீநிவாசராகவன் பிளாஸ்டிக் பையின் வாயை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு முடிச்சு போட்டாகிவிட்டது. மூன்றாவது போட்டார்.

[அவர் இப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது. சாவித்ரி ஏன் கோபமாக இருக்கிறாள் என்று எழுதப்போய்த்தான் தெரிந்தது.]

8

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. டாக்டர் ப்ரியா. ஸ்ரீநிவாசராகவன் எடுத்து, "ம்... ம்..." என்று கேட்டார். சாவித்ரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"கிட்னி டெஸ்ட்ல அளவு எறங்கிடுத்தாம்," என்றார் அவர். "ஒரு வாய் சாப்ட்டுதாம். நன்னா ஒண்ணுக்குப் போயிண்டிருக்காம்."

"ஏன்னா, நெஜமாவா?" என்றாள் சாவித்ரி. "எத்தன தடவ போச்சாம்? கேட்டேளா?"

அவர் கேட்கவில்லை. மறுபடி போன் செய்து கேட்டார். நான்கு தடவை. அந்த வீட்டில் அன்று அதைவிட நல்ல செய்தி எதுவும் இருந்திருக்க முடியாது. சாவித்ரி அழுதாள், மூக்கை உறிஞ்சினாள், ஏன்னா ஒரு காபி போடுங்கோ என்றாள், மூணு பேருக்கும் போடுங்கோ என்றாள். மூன்று நாளாகச் சேர்ந்திருந்த வார்த்தையெல்லாம் அவரிடம் கொட்டியது.

ஆக, பூனை பிழைத்துவிட்டது. என் நண்பர் ஏமாந்துபோவார். போகட்டும்.

ஆனால் இதனால் ஜாஸ்மினுக்குக் கஷ்டம் கூடிவிட்டது. பூனை செத்திருந்தால் அவள் சொல்லியே ஆக வேண்டும். இப்போது யாருக்கும் அவள் உண்மை தேவையில்லை. சாவித்ரி வாராவாரம் பூ கொண்டுவா, நீ சொல்கிற பூவைத்தான் இனி இந்த வீட்டில் வைப்பேன் என்றுகூடச் சொல்லிவிட்டாள். காபியைக் குடித்துவிட்டுப் போய்வருகிறேன் என்று கிளம்பினால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். இந்தக் கதையை அப்படி முடிக்கவும் செய்தேன். இரண்டு நாள் அதைப் பத்திரமாக வைத்திருந்தேன். படிக்கும்போதெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஜாஸ்மினின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை. பஸ் வரும், போகும், அவள் ஏறமாட்டாள்.

எனவே வாசலுக்கு வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் மறுபடி வந்தேன். ஸ்ரீநிவாசராகவன் வழியனுப்ப வந்திருந்தார்.

"ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு," என்றார். "நீ தெரிஞ்சா செஞ்சே? தெரியாது. எனக்கும் தெரியாது. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேர் போனாப் போறுமேன்னு பாத்தேன்."

"அம்மா உங்க கூட மூணு நாளு பேசலியே சார்."

"என்கிட்ட கோச்சுண்டு அவளுக்குப் பழக்கம். எப்படித் திரும்பிப் பேசணும்னும் தெரியும். உன்கிட்ட கோச்சுண்டா எப்படித் திரும்பி வரதுன்னு அவளுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இப்பதானே ரெண்டு பேரும் சிரிச்சேள். விடும்மா. போயிட்டு வா."

ஜாஸ்மின் ஒரு காலில் செருப்போடு நின்றாள். அவர் சொல்வதில் அவளுக்குத் தப்பு தெரியவில்லை. ஆனால் இனி அந்த வீட்டுக்குள் வாராவாரம் பூவோடு நுழையும்போதெல்லாம், தன் பழியைச் சுமந்துகொண்டு இந்தக் கிழவர் கதவைத் திறப்பாரே என்று நினைத்தாள்.

"இல்ல சார்," என்றாள். மாட்டிய செருப்பைக் கழற்றினாள்.

9

சாவித்ரி தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். காலடி கேட்டுத் திறந்தாள்.

"என்னடி, எதையாவது மறந்துட்டியா?"

"அம்மா, சார் சொன்னது பொய்யி," என்றாள் ஜாஸ்மின். உட்காரவில்லை. "நான் ரோஜா சொல்லல. லில்லி குடுத்ததே நான்தான். பூனை கீதுன்னு சார் சொன்னாரு. அதுக்கு ஒண்ணும் ஆவாதேன்னு கேட்டாரு. ஆவாதுன்னு நான்தான் சொன்னேன். சிரிச்சுகினே சொன்னேன்மா."

ஸ்ரீநிவாசராகவன் பின்னாலேயே வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சாவித்ரி, அது வந்து," என்று ஆரம்பித்தார். அவள் கை காட்டினாள். அவர் நிறுத்திவிட்டார்.

சாவித்ரி ஜாஸ்மினைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. எழுதுகிறவனுக்குப் பிடிபட வேண்டும். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"நீங்க கொஞ்சம் வெளில இருங்கோ," என்றாள் சாவித்ரி.

அவரைத்தான் சொன்னாள் என்று நினைத்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

ஸ்ரீநிவாசராகவன் கதவைச் சாத்தினார். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் நிற்கிறோம். அவர் நாற்காலியில் உட்காருகிறார், எழுந்திருக்கிறார், காபி டம்ளர்களைக் கழுவப் போட்டுவிட்டு வந்து மறுபடி உட்காருகிறார். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வருகிறது. சாவித்ரியின் குரல்தான். தாழ்ந்த குரல். ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் என்னைப் பார்க்கிறார், ஏதாவது கேட்கிறதா என்பது போல. இல்லை என்று தலையாட்டுகிறேன்.

படிக்கிற உங்களை அவள் வெளியே போகச் சொல்லவில்லை. நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள், கட்டில் பக்கத்தில். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு வையுங்கள். கதவு திறந்ததும் எங்களிடம் சொல்லுங்கள். இவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.